சூத்திரமும் உரையும்: டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் பெயரின் வரலாறு

இலக்கிய வாசகர்களாகிய நமக்கு ஒரு விளையாட்டுப் பெட்டியின் வரலாற்றில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் நாம் இங்கே பேச எடுத்துக்கொண்டிருப்பது, கதை சொல்வதையே ஆட்டமாக்கி, அதைப் பெட்டியில் அடைத்து விற்ற ஒரு முயற்சியைப் பற்றி. 1974 ஜனவரியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 2024-இல் தன் ஐம்பதாம் ஆண்டை எட்டியது. அமெரிக்க அஞ்சல் துறை அதற்கெனத் தபால்தலைகள் வெளியிட்டுச் சிறப்பித்தது. இடைப்பட்ட காலத்தில் அதை உருவாக்கிய இருவரும் மறைந்தனர். முதலில் வெளியிட்ட நிறுவனம் கடனில் மூழ்கியது. உரிமை பல கைகள் மாறியது. விதிகள் மீண்டும் மீண்டும் திருத்தி எழுதப்பட்டன. பெயர் மட்டும் நிலைத்தது.

ஒரு வணிகப் பெயருக்கு இத்தனை வலிமை எங்கிருந்து வந்தது, அந்த வலிமை உண்மையில் யாருக்குச் சொந்தம் என்ற இரண்டு கேள்விகளோடு இவ்வரலாற்றை அணுகலாம் என்று தோன்றுகிறது.

ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்காகச் சில வரிகள். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். ஒருவர் ‘டஞ்சன் மாஸ்டர்’. அவரே கதைசொல்லி, அவரே நடுவர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்கிறார்கள்: வாள்வீரன், மந்திரவாதி, திருடன், பூசாரி. பாழடைந்த கோட்டையின் வாசலில் நிற்கிறீர்கள், கதவு பாதி திறந்திருக்கிறது, உள்ளிருந்து புகை வாடை வருகிறது, என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கிறார் கதைசொல்லி. உள்ளே போகலாம், சுவரேறிக் குதிக்கலாம், வந்த வழியே ஊர் திரும்பியும் விடலாம். முயற்சி பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். வென்றவர், தோற்றவர் என்று யாரும் இல்லை. ஆட்டம் ஒரே மாலையில் முடிய வேண்டிய கட்டாயமும் இல்லை; ஒரே கதையை ஆண்டுக்கணக்கில் ஆடி வருபவர்கள் உண்டு.

வணிக நோக்கில் இது ஒரு விசித்திரமான சரக்கு. வாங்குபவருக்குக் கிடைப்பவை விதிநூல்களும் பகடைகளும்தாம். அவர் நாடி வந்த பொருளாகிய கதை அந்தப் பெட்டிக்குள் இல்லை. அதை அவரும் அவருடைய நண்பர்களும் கூடித்தான் செய்துகொள்ள வேண்டும். நமது மரபின் சொற்களில் கூறுவதானால், நிறுவனம் விற்பது சூத்திரம். உரை எழுதுபவர்கள் ஆடுபவர்கள். இந்த உறவை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வரும் ஐம்பதாண்டு வரலாறும் எளிதில் விளங்கும்.

*

இவ்வாட்டத்தின் மூதாதை ஒரு போர்ப்பயிற்சி. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரஷ்ய ராணுவ அதிகாரிகள் வரைபடத்தின் மீது படைகளை நகர்த்திப் பழகிய ‘கிரீக்ஸ்ஷ்பீல்’ என்னும் பயிற்சியில், முடிவுகளைத் தீர்மானிக்க ஒரு நடுவர் இருந்தார். அம்மரபில் வந்த ‘ஸ்ட்ராடெகோஸ்’ என்ற அமெரிக்க நூல் 1880-இல் எழுதப்பட்டது. அதைக் கண்டெடுத்த டேவிட் வெஸ்லி என்னும் மினசோட்டாக்காரர், 1969-இல் ‘பிரவுன்ஸ்டீன்’ என்ற ஆட்டத்தை நடத்தினார். படைகளுக்குப் பதிலாக ஒரு ஊரிலுள்ள தனி மனிதர்களை ஆடுபவர்களிடம் ஒப்படைத்தார். ஒருவர் மேயர், ஒருவர் மாணவர் என்று ஆளுக்கொரு நோக்கத்தைக் கொடுத்தார். எவரும் எதையும் முயலலாம்; பலன் நடுவரின் கையில். அதில் ஆடியவர்களில் ஒருவர் டேவ் ஆர்னெசன். அவர் இம்முறையைக் கற்பனை உலகொன்றுக்குக் கொண்டுபோய் ‘பிளாக்மூர்’ என்ற நீண்ட ஆட்டத்தை 1971-ஆம் ஆண்டளவில் தொடங்கினார். ஆர்னெசனுக்கு விதிகளை ஒழுங்காக எழுதி வைக்கும் பழக்கம் குறைவு. எழுதும் பழக்கம் உள்ளவர் விஸ்கான்சினின் லேக் ஜெனீவாவில் இருந்தார்.

அவர்தான் கேரி கைகாக்ஸ். காப்பீட்டு நிறுவன வேலையை இழந்து, வீட்டில் செருப்புத் தைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றி வந்தவர். ‘செயின்மெயில்’ என்ற போராட்ட விதிநூலை 1971-இல் ஜெஃப் பெர்ரனோடு சேர்ந்து எழுதி, அதன் பின்னிணைப்பில் மந்திரவாதிகளுக்கும் பறவைநாகங்களுக்கும் இடம் கொடுத்தவர். ஆர்னெசனின் ஆட்டத்தைக் கண்டதும் அவரோடு கூடி விதிகளை எழுதினார். வெளியிட யாரும் முன்வரவில்லை. ஆகவே 1973 அக்டோபரில் நண்பர் டான் கேயுடன் சேர்ந்து டி.எஸ்.ஆர். என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். டான் கே தன் ஆயுள் காப்பீட்டின் மேல் கடன் வாங்கிப் பணம் போட்டார். அது போதாமல், பிரையன் ப்ளூம் என்பவர் 2000 டாலருடன் பங்காளியானார். மூன்று சிறு கையேடுகள் கொண்ட பெட்டிகள் 1000 அச்சாயின. விலை 10 டாலர். பெட்டியில் அடுக்கும் வேலை கைகளாலேயே நடந்தது.

பெயர் வந்த விதமும் சுவையானது. எழுதும் காலத்தில் அதற்கு ‘கற்பனை ஆட்டம்’ என்ற பொதுப்பெயர்தான் இருந்தது. தான் எழுதி வைத்திருந்த சொற்பட்டியலைக் குடும்பத்தாரிடம் காட்டியபோது, சிறுமியான தன் மகள் இந்த இரண்டு சொற்களின் சேர்க்கையே மிகப் பிடித்திருப்பதாகச் சொன்னாள் என்று கைகாக்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

அந்த 1000 பெட்டிகள் ஏறத்தாழ ஓராண்டில் தீர்ந்தன. விதிகளோ அரைகுறை. அவற்றைப் புரிந்துகொள்ள ‘செயின்மெயில்’ நூலும் வேறொரு நிறுவனத்தின் பலகை விளையாட்டும் தேவைப்பட்டன. குறைகளை ஆடுபவர்களே நிரப்ப வேண்டியிருந்தது. நிரப்பினார்கள். லாஸ் ஏஞ்சலீஸில் லீ கோல்ட் என்பவர் 1975-இல் ‘அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்’ என்ற சிற்றிதழைத் தொடங்கினார். ஆடுபவர்கள் தத்தம் பக்கங்களைத் தாங்களே எழுதி அனுப்ப, அவற்றைத் தொகுத்து விநியோகிக்கும் இதழ் அது. விதிகளைப் பற்றிய சண்டைகள், திருத்தங்கள், நடந்து முடிந்த ஆட்டங்களின் கதைகள் எல்லாம் அதில் வந்தன. 2025 வரை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அது நடந்தது என்பதைச் சிற்றிதழ்களின் ஆயுளை அறிந்த நாம் வியப்போடு குறித்துக்கொள்ளலாம். கைகாக்ஸே 1975-இல் அவ்விதழுக்குக் கடிதம் எழுதினார். தானும் ஆர்னெசனும்கூட ஒரே மாதிரி ஆடுவதில்லை என்றும், எல்லோரும் ஒரே மாதிரி ஆடத் தொடங்கும் நாளில் இவ்வாட்டம் சலிப்பூட்டுவதாகிவிடும் என்றும் அதில் கருத்துத் தெரிவித்திருந்தார். பின்னால் நடந்தவற்றை அறிந்து படிக்கையில், இவ்வரலாற்றில் கைகாக்ஸ் சொன்னவற்றுள் மிகத் தெளிவானது இதுவே என்று படுகிறது.

*

கற்பனைச் சரக்கும் இரவல்தான். அரைகுள்ளர்களும் எல்ஃப்களும் டோல்கீனிடமிருந்து வந்தனர். பயன்படுத்தியதும் மறந்துபோகும் மந்திரங்கள் ஜாக் வான்ஸின் கதைகளிலிருந்து வந்தன. வாள்வீரர்களின் சாகசங்களில் ராபர்ட் ஹவர்டும் ஃப்ரிட்ஸ் லைபரும் தெரிந்தனர். 1979-இல் வெளியான ‘டஞ்சன் மாஸ்டர்ஸ் கைட்’ நூலின் பின்னிணைப்பில் கைகாக்ஸ் தனக்கு ஊக்கமளித்த எழுத்தாளர்களின் பட்டியலைத் தந்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு பழைய புத்தகக் கடைகளில் தேடி அலைந்த வாசகர்கள் இன்றும் உண்டு. ஆனால் இரவலுக்கு எல்லை உண்டு என்பதையும் நிறுவனம் கற்க நேர்ந்தது. டோல்கீன் படைப்புகளின் உரிமைகளை வைத்திருந்தவர்கள் ஆட்சேபித்ததால் 1977-இல் ‘ஹாபிட்’ என்ற சொல் நீங்கி ‘ஹாஃப்லிங்’ வந்தது. ‘எண்ட்’ என்பது ‘ட்ரெண்ட்’ ஆயிற்று.

இவ்விடத்தில் ஒரு சட்ட நுணுக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் ஓர் ஆட்டத்தின் முறையைப் பாதுகாப்பதில்லை. அதை விவரிக்கும் சொற்களையே பாதுகாக்கிறது. இருபது முகப் பகடையை உருட்டி, வாள் பட்டதா என்று பார்க்கும் யோசனை யாருக்கும் சொந்தமில்லை. எனவேதான் 1975-லேயே கென் செயின்ட் ஆண்ட்ரே ‘டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ்’ என்ற எளிய மாற்றை வெளியிட முடிந்தது. ‘டிராவலர்’ 1977-லும் ‘ரூன்க்வெஸ்ட்’ 1978-லும் வந்தன. முறை யாவர்க்கும் பொது. கதை ஆடுபவர்களுக்கு உரியது. எஞ்சி நிற்பவை பெயரும், சொல்லும், சில கற்பனைப் பிராணிகளும்தாம். இவ்வளவு மெலிந்த உடைமையின் மேல்தான் அத்தனை பெரிய வணிகமும் நிற்கிறது. உரிமையாளர்கள் பெயரைக் குறித்து எப்போதும் பதற்றத்திலேயே இருந்ததன் காரணமும் இதுவே எனலாம்.

பதற்றத்தின் முதல் அறிகுறி சீக்கிரமே தென்பட்டது. 1977-க்கும் 1979-க்கும் இடையில் ‘அட்வான்ஸ்டு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பெயரில் தடித்த விதிநூல்கள் வந்தன. நான்காண்டுகளுக்கு முன் வேறுபாட்டை வாழ்த்தியவர், இப்போது எல்லா மேசைகளிலும் ஒரே விதி நிலவ வேண்டும் என்று வலியுறுத்தினார். நிறுவனத்தை விட்டு 1976-இல் விலகியிருந்த ஆர்னெசன், புதிய நூல்களுக்குத் தனக்கு உரிமைத்தொகை தரப்படவில்லை என்று 1979-இல் வழக்குத் தொடர்ந்தார். 1981-இல் சமரசம் ஏற்பட்டது. இரண்டு பேர் பெற்ற பிள்ளைக்குத் தகப்பன் யார் என்ற சர்ச்சை அவர்களுடைய இறுதிக்காலம் வரை ஓயவில்லை.

பெயரை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது ஒரு வதந்தி. 1979 ஆகஸ்டில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் 16 வயது மாணவர் ஒருவர் காணாமல் போனார். வளாகத்தின் அடியிலுள்ள நீராவிச் சுரங்கங்களில் இவ்வாட்டத்தை ஆடச் சென்று தொலைந்திருக்கலாம் என்று அவரைத் தேடிய துப்பறிவாளர் ஊகித்தார். நாளிதழ்கள் அதைப் பற்றிக்கொண்டன. ஊகம் தவறு, அவருடைய துயரத்தின் காரணங்கள் வேறு. ஆயினும் அச்சம் பரவிவிட்டது. தன் மகனின் தற்கொலைக்கு இவ்வாட்டமே காரணம் என்று நம்பிய தாய் ஒருவர் 1983-இல் எதிர்ப்பு இயக்கம் தொடங்கினார். சாத்தான் வழிபாடு என்ற குற்றச்சாட்டு தேவாலயங்களிலும் தொலைக்காட்சியிலும் ஒலித்தது. விற்பனை மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. 1983-இல் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் கேலிச்சித்திரத் தொடர் வந்தது. லாரி எல்மோர் வரைந்த பறவைநாகத்தை அட்டையில் தாங்கிய சிவப்புப் பெட்டி அதே ஆண்டில் கடைகளுக்கு வந்தது. ஒருமுறையும் ஆடாதவர்களுக்கும் பெயர் தெரிந்திருந்தது.

*

1985 அக்டோபரில் நிறுவனத்தின் கட்டுப்பாடு கைகாக்ஸின் கையை விட்டுப் போயிற்று. ப்ளூம் சகோதரர்களின் பங்குகளை வாங்கிய லொரெய்ன் வில்லியம்ஸ் தலைமைக்கு வந்தார். அவர் காலத்தில் எல்லாமே சரிவுதான் என்று எழுதுவது ரசிகர்களின் வழக்கம். அது நியாயமன்று. ‘டிராகன்லான்ஸ்’ தொடங்கி வைத்த நாவல் வணிகம் ‘ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்’ உலகத்தோடு சேர்ந்து தழைத்தது அவர் காலத்தில்தான். ஆர்.ஏ. சால்வடோரின் நாவல்கள் லட்சக்கணக்கான இளம் வாசகர்களைக் கடைகளுக்கு இழுத்து வந்தன.

ஆனால் அவ்வாண்டுகளில் நிறுவனம் இரண்டு பிழைகளைச் செய்தது. ஒன்று, உரையாசிரியர்களின் மேல் வழக்குப் போட்டது. ஆட்டத்துக்குத் துணைநூல்கள் வெளியிட்ட மேஃபேர் கேம்ஸ் மீது வழக்கு. கைகாக்ஸ் எழுதிய வேறொரு ஆட்டத்தின் மீதே வழக்கு. 1994-இல் ரசிகர்கள் தாங்கள் எழுதியவற்றை இணையத்தில் பகிரக் கட்டுப்பாடு. நிறுவனத்தின் பெயரிலுள்ள மூன்று எழுத்துகளுக்கு ‘எப்போதும் வழக்காடுபவர்கள்’ என்று பொருள்படும் கேலி விரிவாக்கம் ஒன்று ரசிகர்களிடையே உலவியது. இரண்டாவது பிழை, பல உலகங்களை ஒரே நேரத்தில் விற்றது. ரேவன்லாஃப்ட், டார்க் சன், பிளேன்ஸ்கேப், பர்த்ரைட் என்று அடுத்தடுத்து வந்த ஒவ்வொன்றும் அழகிய படைப்பே. ஆனால் ஓர் உலகத்தை வாங்கியவர் மற்றொன்றை வாங்கவில்லை. எழுதும் செலவும் அச்சுச் செலவும் பெருக, வாங்குவோர் கூட்டம் துண்டு துண்டாயிற்று. 1996-இல் விற்காத நாவல்கள் பெருமளவில் திரும்பி வந்தன. அச்சகத்துக்குப் பாக்கி நின்றது. 1997-இன் முதல் மாதங்களில் புதிய நூல் எதுவும் வெளிவரவில்லை.

மீட்டவர்கள் சியாட்டில் பகுதியைச் சேர்ந்த விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனத்தார். ‘மேஜிக்’ என்ற சீட்டாட்டத்தால் 1993 முதல் பணம் கண்டவர்கள். 1997-இல் டி.எஸ்.ஆரை வாங்கினார்கள், 1999-இல் அவர்களையே ஹாஸ்ப்ரோ என்ற பெரும் பொம்மை நிறுவனம் வாங்கியது. இங்கே ரையன் டான்சி என்ற அதிகாரியின் வாதம் கவனிக்கத்தக்கது. இவ்வாட்டத்தின் மதிப்பு அதன் விதிகளில் இல்லை. அதை ஆடத் தெரிந்த மனிதர்களின் வலைப்பின்னலில்தான் இருக்கிறது என்றார் அவர். புது ஊருக்குக் குடிபோகும் ஒருவர் தனக்கு மிகப் பிடித்த ஆட்டத்தைத் தேடுவதில்லை. ஆள் கிடைக்கும் ஆட்டத்தையே ஆடுகிறார். மொழியைப் போலத்தான் இதுவும். பேசுவோர் பலராக இருப்பதே அதன் வலிமை. அப்படியானால் போட்டியாளர்களையும் இதே மொழியில் பேச வைப்பதே புத்திசாலித்தனம். மூன்றாம் பதிப்போடு 2000-இல் ‘ஓப்பன் கேம் லைசென்ஸ்’ என்ற உரிமம் வந்தது. விதிகளின் சாரத்தை எவரும் எடுத்துத் தம் நூல்களில் பயன்படுத்தலாம், விற்கலாம். பெயர் மட்டும் நிறுவனத்துக்கு. சிறு பதிப்பகங்கள் காளான்களாய் முளைத்தன. முதல் பதிப்புகளின் நினைவில் வாடியவர்கள் இவ்வுரிமத்தைக் கொண்டே 2006-இல் ‘ஆஸ்ரிக்’ என்ற பெயரில் பழைய விதிகளை மீட்டெழுதினார்கள்.

எட்டாண்டுகளில் அந்தப் பாடம் மறந்தது. 2008-இன் நான்காம் பதிப்பு விதிகளை அடியோடு மாற்றியதோடு, இறுக்கமான புது உரிமத்தையும் கொண்டுவந்தது. அதே ஆண்டு மார்ச்சில் கைகாக்ஸ் மறைந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஆர்னெசன். முன்பு இவ்வாட்டத்தின் இதழ்களை நடத்தி வந்த பைஸோ நிறுவனம், திறந்து விடப்பட்டிருந்த மூன்றாம் பதிப்பின் விதிகளைச் செப்பனிட்டு 2009-இல் ‘பாத்ஃபைண்டர்’ என வெளியிட்டது. கடைக்காரர்களிடம் எடுத்த கணிப்புகளில் சில காலாண்டுகள் அதுவே முதலிடம் பிடித்தது. பெயர் ஓரிடத்தில், உள்ளடக்கம் வேறோரிடத்தில் என்று பிரிந்தபோது, ஆடுபவர்களில் பெரும்பகுதியினர் உள்ளடக்கத்தின் பின்னே போனார்கள்.

*

2014-இன் ஐந்தாம் பதிப்பு பணிவோடு வந்தது. லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் வரைவைக் கொடுத்து ஆடச் செய்து கருத்துக் கேட்டார்கள், விதிகளை எளிமையாக்கினார்கள், 2016-இல் பழைய திறந்த உரிமத்தின் கீழ் மீண்டும் வெளியிட்டார்கள். பிறகு நடந்தவை எவரும் திட்டமிட்டவை அல்ல. பின்னணிக் குரல் நடிகர்கள் சிலர் தங்கள் ஆட்டத்தை 2015 முதல் ‘கிரிட்டிகல் ரோல்’ என்ற பெயரில் இணையத்தில் நேரலையாகக் காட்டினர். மணிக்கணக்கில் மேசையைச் சுற்றி அமர்ந்து பேசும் மனிதர்களைப் பார்க்கக் கூட்டம் கூடியது. 2019-இல் அவர்களுடைய அசைவூட்டப் படத்துக்கு ரசிகர்கள் 1.1 கோடி டாலருக்கு மேல் திரட்டித் தந்தனர். 2016-இல் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் சிறுவர்கள் இவ்வாட்டத்தின் பிராணிப் பெயர்களைக் கொண்டே தங்கள் அச்சங்களுக்குப் பெயரிட்டனர். இவை எதற்கும் விஸார்ட்ஸ் நிறுவனம் கதை எழுதித் தரவில்லை.

பெயர் உச்சிக்கு வந்ததும் பழைய ஆசை திரும்பியது. 2022 டிசம்பரில், இப்பெயர் ஈட்ட வேண்டிய அளவுக்கு ஈட்டவில்லை என்று முதலீட்டாளர் கூட்டமொன்றில் நிறுவனத் தலைமை கூறியது. ஆடுபவர்களில் ஐந்திலொரு பங்கினராகிய கதைசொல்லிகளே அதிகம் வாங்குகிறார்கள், மற்றவர்களிடமிருந்து வருமானம் குறைவு என்பது அதன் வருத்தம். 2023 ஜனவரித் தொடக்கத்தில் புது உரிமத்தின் வரைவு கசிந்தது. பழைய உரிமம் இனிச் செல்லாது; ஆண்டுக்கு 7,50,000 டாலருக்கு மேல் ஈட்டுபவர்கள் அந்த மேல்தொகையில் 25 சதவீதம் வரை செலுத்த வேண்டும். 23 ஆண்டுகள் இவ்வுரிமத்தை நம்பிப் பிழைப்பு நடத்தியவர்களின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். இரண்டு மூன்று பேர் உழைக்கும் பதிப்பகங்களே அவற்றில் பல. வரைவின் தொகை வரம்பு அவர்களைத் தொடாமல் போகலாம். ஆனால் காலடி மண் யாருடையது என்ற கேள்வி எல்லோரையும் தொட்டது. ஆடுபவர்கள் இணையச் சந்தாக்களை ரத்து செய்தனர். பைஸோ பிறரோடு சேர்ந்து பொது உரிமம் ஒன்றை உருவாக்கப் போவதாக அறிவித்தது. நிறுவனம் கருத்துக் கேட்டபோது 15,000-க்கும் மேற்பட்டோர் பதில் எழுதினர், பெரும்பாலானவை மறுப்பு. ஜனவரி 27-இல் நிறுவனம் பின்வாங்கியது. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளைத் திரும்பப் பெறவியலாத ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ உரிமத்தில் வெளியிட்டது. உடைமையை இறுக்கப் புறப்பட்டவர்கள் உள்ளதையும் என்றென்றைக்குமாகப் பொதுவில் வைத்துவிட்டு வந்தார்கள்.

அதே 2023-இல் நடந்த இன்னும் இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது. மார்ச்சில் இப்பெயரைத் தாங்கி வந்த திரைப்படம் விமர்சகர்களின் பாராட்டைப் பெற்றும், செலவுக்கு ஏற்ற வசூலைக் காணவில்லை. ஆகஸ்டில் பெல்ஜிய நாட்டின் லேரியன் நிறுவனம் வெளியிட்ட ‘பால்டர்ஸ் கேட் 3’ என்னும் கணினி விளையாட்டு ஆண்டின் சிறந்த ஆட்டத்துக்கான பரிசை வென்றது. இரண்டுக்கும் பின்னால் ஒரே உலகம், ஒரே பிராணிகள். வேறுபாடு ஒன்றே. படத்தில் கதையை நாம் பார்க்க வேண்டும். கணினியிலோ கதவைத் திறப்பதா, சுவரேறுவதா என்று நம்மையே கேட்கிறார்கள். பெயர் எதை வாக்களித்ததோ அது அங்கே இருந்தது.

இப்பெயரின் வலிமை, ஐம்பது ஆண்டுகளாகப் பெயர் தெரியாத லட்சக்கணக்கான கதைசொல்லிகள் கூலியின்றிச் செய்த உழைப்பின் திரட்சி என்பதே நமது முடிவு. வார இறுதிகளில் குறிப்பேட்டில் வரைபடம் கீறி, நண்பர்களுக்காக ஓர் ஊரையும் அதன் சத்திரக்காரனையும் கற்பனை செய்து வைத்தவர்கள் அவர்கள். சட்டப்படி அப்பெயர் ஒரு நிறுவனத்துக்கு உரியதாக இருக்கலாம். ஆனால் உரையாசிரியர்களை மதித்த காலங்களில் அது செழித்தது. அவர்களைத் திருடர்களாகப் பார்த்த 1990-களிலும், 2008-லும், 2023-லும் அது தேய்ந்தது. மூலத்தைப் பூட்டி வைத்தால் அது பத்திரமாக இருக்கும் என்று எண்ணுபவர்களுக்கு ஏட்டுச்சுவடிகளின் வரலாறு அறிந்த நாம் ஒன்று சொல்லலாம்: படியெடுக்க ஆளில்லாத சுவடியைத்தான் செல் முதலில் அரிக்கிறது.